பெட்ரோனில்லாவின் பெயர்

பிப்ரவரி 3, 1548
நேற்று மெழுகுவர்த்தித் திருநாள். ஆனால் மெழுகுவர்த்தி கிடையாது, ராஜாவின் உத்தரவு. அப்பா தறியை விட்டு எழவே இல்லை.
எனக்கு இரண்டு பக்க லத்தீன் மனப்பாடம். கூடப் படிக்கிற, மாவு அரைக்கிற வீட்டு ஹம்ஃப்ரி, "பாதிரியாராகப் போறியா சிபில்? தாடி முளைக்கட்டும்" என்றான். அவனுக்கு இன்னும் முதல் பக்கம்தான்.

பிப்ரவரி 9
ராஜாவின் ஆட்கள் வருகிறார்களாம். இறந்தவர்களுக்குப் பூசை வைப்பது வீண் என்கிறாராம் ராஜா; அதற்காக எழுதிவைத்த நிலமெல்லாம் இனி அவருக்கு.
அப்படியென்றால் அம்மாவின் புல்வெளி? ஓடைக்கரையில் அவளுக்கிருந்தது அது ஒன்றுதான். சாகும்போது அதைச் சிற்றாலயத்துக்குக் கொடுத்தாள். வருடந்தோறும் அவள் இறந்த நாளில் ஆம்ப்ரோஸ் சாமி பீடத்தில் அவள் பெயரைச் சொல்லிப் பூசை வைக்க வேண்டும். ஏப்ரல் 20. முதல் வருடமே இன்னும் வரவில்லை!
எங்கள் பள்ளிக்கூடமும் அந்தச் சிற்றாலயத்தின் பின்கட்டில்தான். சாமிதான் வாத்தியார். எல்லாம் சேர்ந்து போய்விடுமா?

பிப்ரவரி 17
கோயில் மணியக்காரர் வீட்டுக்கு வந்து குசுகுசுத்தார். "பூசை நிலம்னு சொன்னா பறிச்சுக்குவாங்க. பள்ளிக்கூட நிலம்னு சொன்னா விட்டுடுவாங்க."
அப்பா கத்தினார். "புல்வெளி யாருக்குய்யா வேணும்? அவ அங்க உத்தரிக்கிற ஸ்தலத்துல பாவம் தீர வெந்துகிட்டிருக்கா. அவ சீக்கிரம் கரையேற, அவ பேரைச் சொல்ல ஒரு ஆள் வேணும்!"
கஞ்சி ஆறிப்போயிற்று.

பிப்ரவரி 22
வந்துவிட்டார்கள்.
தடித்த அங்கி போட்ட அதிகாரி பின்கட்டில் வந்து நின்றார். "பள்ளிக்கூடம்னு சொல்றீங்களே சாமி, எங்கே, ஒருத்தனை வாசிக்கச் சொல்லுங்க."
ஹம்ஃப்ரியை எழுந்து வாசிக்கச் சொன்னார்கள். ஒரு வார்த்தை வரவில்லை. மற்ற பையன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதிகாரி சிரித்துக்கொண்டே, நிலத்தை ராஜா பேரில் எழுத மைக்கூட்டைத் திறந்தார். ஆம்ப்ரோஸ் சாமியின் முகம் சாம்பலாகிவிட்டது.
நான் எழுந்தேன். யாரும் கேட்காமலே ஒரு பக்கம் முழுக்க வாசித்தேன், அர்த்தமும் சொன்னேன்.
அதிகாரியின் சிரிப்பு நின்றது. "நீ சொல்லு பொண்ணே. ஓடைக்கரைப் புல்வெளி எதுக்குக் கொடுத்தது?"
வாசலில் அப்பா நின்றிருந்தார்.
"பிள்ளைங்க படிக்கறதுக்கு" என்றேன்.
பொய். பச்சைப் பொய். அம்மாவின் பெயரில்.

பிப்ரவரி 23
பள்ளிக்கூடம் பிழைத்தது. பூசை கூடாது. போகும்போது அதிகாரி இன்னொன்றும் சொன்னாராம்: "பையன்களுக்கு மட்டும். அந்தப் பொண்ணு தறியில உட்காரட்டும்."

மார்ச் 11
சிற்றாலயச் சுவரில் எழுதியிருந்த இறந்தவர்கள் பெயர்கள் மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். அம்மாவுடையதுதான் கடைசிப் பெயர். அதன் சிவப்பு எழுத்து மட்டும் சுண்ணாம்புக்கு அடியில் கொஞ்சம் தெரிகிறது.

ஏப்ரல் 2
நேற்று ஈஸ்டர். பீடத்தை மூடிவிட்டார்கள். அந்தப் பொய் சொன்ன நாளிலிருந்து அப்பா என்னிடம் பேசுவதில்லை. நூல் சுற்றுகிறேன்.

ஏப்ரல் 13
அம்மா, இன்னும் வேகிறதா? நான்தான் காரணமா? சாமியிடம் கேட்கப் போனேன். அவர் என் தலையில் கைவைத்தார்.

ஏப்ரல் 20
அம்மா இறந்த நாள். மணி அடிக்கவில்லை. பள்ளிக்கூட ஜன்னலுக்கு வெளியே போய் நின்றேன். உள்ளே சாமி பலகையில் என்னவோ எழுதும் சத்தம்.
"ஹம்ஃப்ரி, வாசி."
"பெ... பெட்ரோ..."
அம்மா பெயர்.
"தப்பு. மறுபடி."
"பெட்ரோனில்லா, சைமனின் மனைவி... பெட்ரோ..."
"முதல்லேருந்து."
பையன்கள் சிரித்தார்கள். அவன் திரும்பத் திரும்பத் தடுக்கினான். சாமி திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார். ஒரு தடவைகூடக் கோபிக்கவில்லை.
பக்கத்தில் யாரோ வந்து நின்றதுபோல் இருந்தது. அப்பா. தறியை விட்டு வந்திருக்கிறார். குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.
"யாருடா அந்த மக்கு?" என்றார் மெதுவாக.
"அரைக்கிற வீட்டு ஹம்ஃப்ரிப்பா."
பள்ளி விட்டதும் ஹம்ஃப்ரி எங்களைக் கடந்துதான் போனான். எப்போதும் கேலி செய்கிறவன், இன்று தலையைத் தூக்கவில்லை. கொஞ்ச தூரம் போனபின் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனான் — பெட்ரோனில்லா, சைமனின் மனைவி — எங்கும் தடுக்காமல்.