துடைத்துவிட்ட வால் நட்சத்திரம்

என்னங்க,

நைட் டூட்டிக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சுடவைத்துச் சாப்பிடுங்கள். குழாய் ரிப்பேருக்கு ஆள் வந்தால் சமையலறைக் குழாயைக் காட்டுங்கள்.

நேற்று "ஜன்னலெல்லாம் ஒரே அழுக்கு"ன்னு துடைத்தீர்களே, அது அழுக்கில்லை. வால் நட்சத்திரம் நகர்ந்து போகிற வழியைக் கண்ணாடியில் தினம் ஒரு புள்ளியாக வைத்துவந்தேன். கேட்டுவிட்டுத் துடைத்திருக்கலாம். சரி, போனது போகட்டும்.

அதன் பக்கத்தில் இருக்கும் மூன்று நட்சத்திரங்களுக்கு ராத்திரியே மறுபடி புள்ளி வைத்துவிட்டேன். இருட்டியதும் விளக்கை அணைத்துவிட்டு என் நாற்காலியில் உட்காருங்கள். நாற்காலியை நகர்த்தினால் தொலைத்துவிடுவேன். என் உயரத்துக்குக் குனியுங்கள். ஒருநாள் குனிந்தால் குறைந்துபோய்விட மாட்டீர்கள். மூன்றும் மெல்ல இறங்கி வந்து புள்ளிகளில் உட்காரும். அப்போது வால் நட்சத்திரம் எங்கே இருக்கிறதோ அங்கே நீங்களே ஒரு புள்ளி வையுங்கள். பேனா ஜன்னல் விளிம்பில் இருக்கிறது.

பி.கு.: வால் நட்சத்திரத்தையே முறைத்துப் பார்த்தால் மறைந்துவிடும். கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். கண்ணாடியில் ஊதின மூச்சு மாதிரி கடைக்கண்ணில் வெளுப்பாகத் தெரியும்.

இன்னொன்று: காலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தேனே, அப்போதும் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.