பச்சை லைட் எரியுது, உள்ளுக்க ஒண்டுமில்ல

படுவான்கரை,
ஐப்பசி மாதம்.

என்ட செல்ல மகள் நிருஷாவுக்கு,

நீ அங்க நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குப் படுத்து, நல்லா இருக்கோணும் எண்டு மாமாங்கப் புள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு உன்ட அம்மா சொல்லிச் சொல்லி எழுதுற கடிதம் இது. இஞ்ச நானும் அப்பாவும் இருக்கிறம். சுகமா எண்டு கேட்டா என்னத்தச் சொல்ல புள்ள, இருக்கிறம். எனக்கு எழுத்துத் தெரியாது, உன்ட அப்பாக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும், அதால உன்னோட வந்தாறுமூலைக் கம்பசில படிச்ச றிஸானாட கடைக்குள்ள வந்து இருக்கிறன். காத்தான்குடியில கம்பியூட்டர் திருத்துற கடை போட்டிருக்காள், உனக்குத் தெரியும்தானே. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுறாள். ஒரு சொல்லும் விடாத, நான் சொல்ற மாதிரியே எழுது எண்டு சொல்லிப்போட்டன். அப்ப அழுதா என்ன செய்ற மாமி எண்டு கேட்கிறாள், அழுறத எழுதாத புள்ள எண்டன். நீ போன் எடுக்கிறதில்ல. நான் எடுத்தாலும் எடுக்கிறதில்ல, அப்பா எடுத்தாலும் எடுக்கிறதில்ல. தபாலில போட்டா எந்தக் காலத்தில வந்து சேருமோ, அதால றிஸானாட சாச்சிட மகள் இனாயா வெள்ளிக்கிழமை டோகாக்குப் பிளேன் ஏறுறாள், அவள்ட கையில குடுத்து விடுறம். நீ வேலை செய்ற ஹோட்டல் வாசல்ல வந்து உன்ட கையிலயே தருவாள். அவளுக்கு முன்னால கிழிச்சுப் போட்டுடாத.

வயல் வட்டையில விதைப்புத் தொடங்கிட்டு. மழை ரெண்டு தரம் நல்லா விழுந்தது, இனி வாவி நிறையும். வெள்ளை ஆடு குட்டி போட்டது, அதுல ஒண்டு நொண்டி, நொண்டிக்குத்தான் தாய் பால் குடுக்குது, மற்றத முட்டித் தள்ளுது, அந்த அநியாயத்தப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தன் தெரியுமா, அடுப்பில சோறு அடிப்பிடிச்சிட்டு. கறியும் உப்புக் கூடிட்டு. உப்புக் கூடினா உன்ட தம்பி என்ன சொல்லுவான் எண்டு நினைவிருக்கா புள்ள? சோத்துக் கோப்பையைத் தூக்கிப் பிடிச்சு, அம்மா இது கறியா, வாவித் தண்ணியா எண்டு கேட்பான். அதைப் போனில வீடியோவா எடுத்து உனக்கு அனுப்பினவன். நானும் அகப்பையோட அவனைத் துரத்துறது அதுல வரும். அண்டைக்கு அந்தச் சோத்துக்கு முன்னால இருந்து, அவன் அதைச் சொல்ற மாதிரி நினைச்சுப் பார்த்தன். சொல்லு வருது, குரல் வரல்ல. திரும்பத் திரும்ப நினைச்சுப் பார்த்தன், உன்ட அப்பாட குரல்தான் வருது. முகம் இருக்கு, மாலை போட்டுச் சுவரில தொங்குது. குரல் போகுது புள்ள. வருசத் திவசம் வர முதலே என்ட பிரதீஸ்ட குரல் எனக்கு மறந்து போகுது. இதை நான் ஆருக்குச் சொல்லுவன்.

நீ கடைசியாக் கதைச்ச அண்டைக்குச் சொன்னாய், தம்பி எடுத்த படம், வீடியோ எல்லாம் அவன்ட போனில இருந்து தானாப் போய்ச் சேர்ற இடம் என்ட பேரில இருக்கு, இவ்வளவு நாளும் நான்தான் மாசம் மாசம் காசு கட்டினன், இனிக் கட்டமாட்டன், ஐப்பசி முடிய அந்தக் கொம்பனிக்காரங்க எல்லாத்தையும் அழிச்சிடுவாங்க, அழியட்டும் அம்மா, என்னால பார்க்க ஏலாது எண்டு. சொல்லிப்போட்டு வச்சாய். அதுக்குப் பிறகு உன்ட குரலும் இல்ல. ரெண்டு புள்ளை பெத்து ரெண்டு பேர்ட குரலும் இல்லாத வீடாப் போச்சு. நான் விடிஞ்சதும் முதல் பஸ்ஸில றிஸானாட்ட ஓடி வந்தன். அவள்தான் சொன்னாள், மாமி, அவங்கட இடத்தில வச்சாத்தான் மாசம் மாசம் காசு, நம்மட வீட்டிலயே ஒரு பெட்டி செஞ்சு வச்சா எல்லாத்தையும் இறக்கி எடுத்துடலாம், பிறகு ஒருத்தரும் அழிக்க ஏலாது, பழைய சாமானில நான் செஞ்சு தாறன் எண்டு.

அந்தப் பெட்டி செஞ்ச கதையக் கேள். ஏதோ கந்தோரில பாவிச்சுக் கழிச்ச பழைய கம்பியூட்டர் ஒரு குவியல் இவள்ட கடைக்குப் பின்னால கிடந்தது. பெரிசா ஒண்டைக் காட்டினன் நான், பெரிசு எண்டா நிறையப் பிடிக்கும்தானே எண்டு. அது கரண்டக் குடிச்சே உங்களை முடிச்சிடும் மாமி எண்டு போட்டு ஆகச் சின்னது ஒண்டை இழுத்தெடுத்தாள். திறந்தா உள்ளுக்க பல்லி முட்டையும் கரப்பான் செட்டையும். பெயின்ட் அடிக்கிற பிறஸ்ஸால பக்குவமாக் கூட்டி எடுத்தாள். வேற ஒரு உடைஞ்ச பெட்டியில இருந்து ஞாபகத் துண்டாம், சின்னப் பச்சைப் பலகை, அதைக் கழட்டி இதில குத்தினாள். மனுசனுக்கும் இப்படிக் கழட்டிக் குத்த ஏலுமா புள்ள எண்டு கேட்டன், சிரிக்காம என்னைப் பார்த்தாள். பிறகு எல்லாத்தையும் சேர்த்து வைக்கிற டிஸ்க். புதுசு வாங்க நம்மட்ட வக்கில்ல. கடைகள்ல களவு பார்க்கிற கமெராவுக்க இருந்து கழட்டின பழசு கொஞ்சம் வச்சிருந்தாள். அதுக்குள்ள இன்னும் கள்ளன்மார்ட முகம் இருக்குமா எண்டு கேட்டன். இருந்தா என்ன மாமி, பொலிசில குடுக்கப் போறீங்களா எண்டு சிரிச்சாள். ஒவ்வொண்டாப் போட்டு ஓடவிட்டுக் காதை வச்சுக் கேட்டு, டிக்கு டிக்கு எண்டு சத்தம் போட்டதெல்லாத்தையும் அங்கால போட்டுட்டு, நல்லதா ரெண்டைத் தெரிஞ்செடுத்தாள். என்னத்துக்கு ரெண்டு, ஒண்டு காணாதா எண்டு கேட்டன். ரெண்டிலயும் ஒரே சாமானைத்தான் வைக்கிறது மாமி, ஒண்டு செத்துப் போனாலும் மற்றதுல எல்லாம் அப்படியே இருக்கும் எண்டாள். வெளிய வந்து றோட்டப் பார்த்துக்கொண்டு நிண்டன்.

அந்தப் பெட்டிக்கு வேலை சொல்லிக் குடுக்கிறதுக்கும் ஒண்டு போடோணுமாம். அதுக்குக் காசில்லையாம். ஊர் பேர் தெரியாத ஆரோ ஆக்கள் இருந்து எழுதி, ஆரும் எடுத்துப் பாவியுங்க எண்டு சும்மா விட்டிருக்காங்களாம். கதிர்காமத்துக்கு நடந்து போற ஆக்களுக்கு நாம பந்தல் போட்டுத் தண்ணி வைக்கிற மாதிரி. ஓமா, உலகத்தில இன்னும் இப்படி ஆக்கள் இருக்காங்களா எண்டு சந்தோசப்பட்டன். மற்றச் சாமானுக்கு அப்பா வலையை வித்தார். அவர் இனி வாவியில இறங்கமாட்டார் புள்ள, அது தெரிஞ்சதுதான். பெட்டிய உரப் பையில சுத்தி, வாவி கடக்கிற பாதைப் படகில ஏத்தி என்ட மடியிலயே வச்சுக்கொண்டு வந்தன். பக்கத்தில இருந்த மனுசி உள்ளுக்க என்ன, கோழியா எண்டு கேட்டா. இல்ல, மகன்ட வீடு எண்டு சொல்ல வாய் வந்தது, கம்பியூட்டர் எண்டு சொன்னன். படகு வாவி நடுவுக்கு வர, தம்பி போன அந்த இடம் தெரியும்தானே, கண்ணை மூடிக்கொண்டு பையைக் கட்டிப் பிடிச்சன். வெள்ளம் வந்தாலும் ஏறாத உயரத்தில வைக்கோணும் எண்டு றிஸானா சொன்னதால அப்பா சுவரில ஒரு தட்டு அடிச்சார். பலகை எதால எண்டு கேட்கல்லயே நீ. அவன்ட தோணிப் பலகை. இடி விழுந்து பிளந்தது போக நல்லாக் கிடந்த துண்டு. உப்புக் காத்து உள்ளுக்க போகாம என்ட பழைய வொயில் சீலையைக் கிழிச்சு மறைப்புக் கட்டினன். கரண்ட் போனா உடன நிக்காம கொஞ்சம் தாங்கிப் பிடிக்கிற பழைய பற்றரிப் பெட்டி ஒண்டும் பக்கத்தில இருக்கு. இப்ப அது ஓடுது. தூங்குற பூனை மாதிரி ஒரு சத்தம். முன்னால சின்னப் பச்சை லைட். எல்லாம் சரி, ஆனா உள்ளுக்க ஒண்டுமில்ல. படம் எல்லாம் கிடக்கிற அந்த இடத்தைத் திறக்கிற திறப்புச் சொல்லை நீ தந்தாத்தான் அதுக்குள்ள அவன் வருவான்.

இப்ப அப்பாட கதையச் சொல்லோணும், இதை உனக்குச் சொல்லாம மறைச்சு வச்சிருந்தன். பிரதீஸைச் சவப்பெட்டியில வளர்த்தின நேரம், அவன் போனை விட்டுட்டு இருக்கமாட்டான் எண்டு சொல்லி, அந்தக் கருகின போனை அவன்ட சேட்டுப் பொக்கற்றுக்க வச்சு விட்டவர் உன்ட அப்பாதான். சுருட்டுக் குடிச்சவருக்குச் சுருட்டு வைக்கிறம், வெத்திலை போட்டவக்கு வெத்திலை வைக்கிறம், அதைப் போலத்தான் அவரும் நினைச்சது, ஒருத்தரும் வேணாம் எண்டு சொல்லல்ல, நானும் சொல்லல்ல. இப்ப நீ அழியட்டும் எண்டு சொன்னதைக் கேட்ட நாள் தொடக்கம் மனுசன் ஒரே பிடியில நிக்கிறார். போனுக்குள்ள குரல் இருக்குமாம், தோண்டி எடுக்கப் போறாராம். போன செவ்வாய்க்கிழமை மண்வெட்டியோட சவக்காலைக்குப் போயிட்டார். பட்டப்பகல். ஊராக்கள் பிடிச்சுக் கொண்டு வந்து விட்டாங்க. கனகசிங்கத்தாருக்கு மண்டை பிழைச்சிட்டு எண்டு கதைக்கிறாங்க. இடியில கருகி மண்ணுக்க கிடந்தது இனிப் பேசாது மாமா எண்டு றிஸானா வந்து எவ்வளவு சொன்னாள், கேட்கல்ல. வெள்ளத்தில கிடந்த றேடியோவை வெயில்ல காயவச்சுப் பாட வச்ச மனுசன், அவருக்கு எப்படி விளங்கப்படுத்துற. ஐப்பசி முடியும் வரைக்கும் பார்ப்பன், புள்ளை ஒண்டும் சொல்லாட்டி நான் தோண்டுறது தோண்டுறதுதான் எண்டு சொல்லிப்போட்டார். மண்வெட்டி இப்ப என்ட பாய்க்குக் கீழ கிடக்கு. நான் அதுக்கு மேலதான் படுக்கிறன். எத்தின நாளைக்குப் படுப்பன் புள்ள?

நீ ஏன் பார்க்கமாட்டன் எண்டு சொல்றாய் எண்டு எனக்குத் தெரியாதா. டோகாவில மழை இல்ல, அண்டைக்கு வீடியோவில கதைக்கிற நேரம் தம்பி மழை இருட்டிக்கொண்டு வருது எண்டு சொன்னான், எங்க காட்டு பாப்பம் எண்டு நீ கேட்டாய், அவன் தோணியில எழும்பி நிண்டு போனைத் தூக்கிப் பிடிச்சான். அதோட உன்ட போனில எல்லாம் இருண்டு போச்சு. போனாலதான் இடி விழுந்தது எண்டு செத்த வீட்டில சனம் கதைச்சதும் உனக்குக் கேட்டிருக்கும், ஆரோ போனைப் பிடிச்சு உனக்குக் காட்டிக்கொண்டு இருந்தாங்கதானே. நான் ஒரு கதை சொல்றன் கேள். என்ட மூத்த அண்ணன், உன்ட பெரிய மாமா, நீ கண்டதில்ல, கரடியனாத்தில வேளாண்மைக் காவலுக்கு நிண்டவர். அவருக்கு இடி விழுந்த காலத்தில அந்த ஊரில போன் எண்டா என்ன எண்டு ஒருத்தருக்கும் தெரியாது, கரண்டே இல்ல. அவர்ட கையில இருந்தது கிளி விரட்டுற கவண். அவரோட ரெண்டு எருமையும் செத்தது. எருமைட்ட என்ன போன் இருந்தது? அப்பவும் சனம் ஒண்டு சொன்னது, கவணாலதான் இடி விழுந்தது எண்டு. அந்தக் கவணைச் செஞ்சு குடுத்தது நான். சின்னப் புள்ளையில கதிகலங்கிப் போய்த் திரிஞ்சன், என்ட அம்மா ஒரு நாள் பிடிச்சு இருத்தி எருமைக் கதைய எனக்குச் சொன்னா. வெட்டையில, தண்ணியில ஆர் உயர்ந்து நிண்டாலும் விழும் புள்ள, அது கையில என்ன இருக்கு எண்டு பார்க்கிறதில்ல. நீ மழை பார்க்கத்தானே கேட்டாய். அக்கா மழை பார்க்கக் கேட்டாள், தம்பி காட்டினான். இதுல என்ன குத்தம் இருக்கு? நான் பெத்தவள் சொல்றன், இல்ல. உன்ட அப்பாவும் அப்படித்தான் சொல்றார்.

உன்னை ஒரு படமும் பார்க்கச் சொல்லல்ல மகள். ஒரு சத்தமும் கேட்கச் சொல்லல்ல. றிஸானா சொல்றாள், திறப்புச் சொல்லு மட்டும் காணாதாம், அதைப் போடுற நேரம் உன்ட போனுக்குக் கொஞ்சம் இலக்கம் வருமாம், அதை நீ உடனுக்குடன சொல்லோணுமாம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அசர்த் தொழுகைக்குப் பிறகு அவள் எங்கட வீட்டுக்கு வந்து அவள்ட போனால உனக்கு எடுப்பாள். அம்மாவோட கதைக்க ஏலாட்டிக் கதைக்காத. அவள்ட்ட திறப்பைச் சொல்லு, இலக்கத்த வாசி, வச்சிடு. மிச்சத்த அந்தப் பெட்டி பார்த்துக்கொள்ளும், ரெண்டு டிஸ்கிலயும் வச்சுக்கொள்ளும். உனக்கு எப்பவாவது பார்க்க மனம் வந்தா அது இஞ்ச இருக்கும், வராட்டியும் இருக்கும். அப்பா இப்ப கதிரையைத் தட்டுக்குக் கீழ இழுத்துப் போட்டுக்கொண்டு பின்னேரம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். நேத்து எழும்பிக் கையை அதுல வச்சுப் பார்த்துட்டு, சுடுதடி, உள்ளுக்க ஒண்டுமில்லாமலே சுடுது எண்டு சொன்னார்.

தலைக்கு எண்ணெய் வச்சுக் குளி. ஏசிக்குள்ள ஈரத் தலையோட நிக்காத. உனக்கு ஒரு குறையும் வராது, நீ நூறு வருசம் இருப்பாய், நாங்க ரெண்டு பேரும் கும்பிடுற சாமி உன்னைக் கைவிடாது. ஞாயிற்றுக்கிழமையை மறந்துடாத. இஞ்ச கடை வாசல்ல இப்ப மழை பிடிச்சிட்டு, இடி இல்லாத நல்ல மழை. வீடியோவில எப்படிக் காட்டுற எண்டு றிஸானாட்டப் படிச்சு வச்சிருக்கிறன். ஞாயிற்றுக்கிழமையும் பெஞ்சா, நீ வைக்காம இருந்தா, நானே முத்தத்தில இறங்கிப் போனைத் தூக்கிப் பிடிச்சு உனக்கு மழை காட்டுறன்.

இப்படிக்கு,
உன்ட அம்மா சின்னத்தங்கம்
(எழுதினது றிஸானா. அப்பாட கையெழுத்துக் கீழ இருக்கு, அது உன்னோட கோவமில்ல எண்டு காட்ட அவர் போட்டது)
க. கனகசிங்கம்