உகோயே அத்தைக்கு ஓர் உரல் கிழங்கு

ஒபோசி
செவ்வாய்க்கிழமை மத்தியானம்

என் கண்ணே ஒபியாகேலிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டி சோம்டோவும் அந்தப் பனியில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று இன்று காலையிலும் முழங்கால் போட்டேன். நாங்களும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் நாளைக் காலை பத்து மணிக்கு டாக்டர் உன் அப்பாவின் கால் கட்டைவிரலைப் பார்த்து, வைப்பதா எடுப்பதா என்று சொல்லும் வரைக்கும் அந்த வார்த்தையை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. உட்கார்ந்து இரண்டு வரி எழுதுவதற்குள் இரண்டு தடவை எழுந்து போய் அவர் காலைப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். அவர் கூடத்தில் ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறார், அல்லது தூங்குகிற மாதிரி இருக்கிறார். பங்குச் சாமியாரின் தங்கை நாளை சாயங்காலம் லாகோஸ் போய் அங்கிருந்து உங்கள் வினிபெக்குக்கு வருகிறாள், அவள் கையில் உனக்குக் காய்ந்த கசப்பிலையும் இறால் பொடியும் எகுசி விதையும் கட்டி வைத்திருக்கிறேன், இந்தக் கடிதத்தையும் அதற்குள் வைக்கிறேன். போனில் சொல்லலாமே என்பாய். போன் அடித்தால் உன் அப்பாதானே முதலில் எடுக்கிறார், எடுத்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்துவிடுகிறார். இது அப்படிச் சொல்லக்கூடிய சங்கதி இல்லை.

உன் அத்தை உகோயேயைப் பற்றி நான் உன்னிடம் சொன்னது பொய். வேண்டுமென்று சொன்ன பொய் இல்லை, ஆனாலும் பொய்தான். அதை நம்பி நீ அவளுக்குப் போன் பண்ணி, என்னைப் பெற்ற தகப்பனைக் கொல்லப் பார்க்கிறீர்களே என்று கேட்டாயே, அதை நினைத்தால் எனக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. முழுதும் சொல்கிறேன், இடையில் நிறுத்தாமல் படி.

ஈஸ்டர் முடிந்து செருப்பு ஆணி குத்தியதும், அது ஆறாமல் கறுத்ததும், ஆஸ்பத்திரியில் சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருக்கிறது என்று சொன்னதும் உனக்குத் தெரியும். டாக்டர் எட்டு வாரம் தவணை கொடுத்தார், மாத்திரையோடு மாவுச் சத்தையும் குறைத்தால் புண் மூடிக்கொள்ளும், குறையாவிட்டால் விரலை எடுக்க வேண்டும், தாமதித்தால் பாதம் என்றார். உன் அப்பா வீட்டு வாசலில் நிற்கிற தன் வேனைப் பார்த்துத்தான் வாயைத் திறந்தார், "கட்டைவிரல் இல்லாம ஆக்ஸிலேட்டரை எதால மிதிக்கிறது, நாக்காலயா" என்றார். அன்றைக்கே நீ பட்டியல் சொன்னாய். வள்ளிக்கிழங்கு கூடாது, மரவள்ளி கூடாது, அரிசி கூடாது, வாழைக்காய் கூடாது, களி என்று உருட்டுகிற எதுவும் கூடாது. சேப்பங்கிழங்கு சாப்பிடுகிறாரா என்றுகூட நீ கேட்டாய், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதையெல்லாம் நாங்கள் சாப்பிடுவதே இல்லையே என்று நான் சொன்னேன். மாதாவின் மேல் ஆணையாக நான் உண்மை சொல்வதாகத்தான் நினைத்தேன்.

நீ அனுப்பிய இசப்கோல் உமியைப் போட்டு முட்டைக்கோஸை அரைத்துப் பிழிந்து கிண்டினேன். பார்க்கக் களி மாதிரியே உருண்டு நின்றது. உன் அப்பா ஒரு உருண்டை விழுங்கிவிட்டு "இது களியா, என் கால்ல கட்டுற பஞ்சா" என்று கேட்டார். அப்புறம் வெண்டைக்காய்க் குழம்பு, நத்தை, கருவாடு போட்ட எண்ணெய்ப் பயறு, வெள்ளைக் கத்தரிக்காயும் நிலக்கடலை விழுதும், எல்லாம் செய்தேன். அவரோ தட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார், "எல்லாம் தொட்டுக்கறதா இருக்கு, சாப்பாடு எங்க" என்பார். நம் ஊரில் களி இறங்காத வயிற்றை யார் சாப்பிட்ட வயிறு என்றார்கள், அவரைச் சொல்லி என்ன. உனக்கு ஒபியாகேலி, சாப்பிட வந்தவள் என்று பெயர் வைத்ததே அவர்தான், "அவ வந்து சாப்பிட்டா, எனக்குச் சாப்பாட்டை நிறுத்திட்டா" என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்றே ஒன்றுதான் அவருக்கு மிச்சம், என் கசப்பிலைக் குழம்பு. அது மட்டும் கிண்ணம் கிண்ணமாக இறங்கியது. களிதான் இல்லை, குழம்பாவது வயிற்றில் நிற்கட்டும் என்று நானும் கெட்டியாகக் காய்ச்சினேன்.

ஐந்து வாரம் போயிற்று, சர்க்கரை இறங்கவில்லை. நீ அனுப்பிய மிஷினில் ஒரு நாள் இருநூற்று எழுபது, ஒரு நாள் இருநூற்றுத் தொண்ணூறு. புண்ணின் ஓரம் வெள்ளையாக ஊறிப்போய்க் கிடந்தது. எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி ஆயிற்று. என் வீட்டில் ஒரு துண்டு கிழங்கு கிடையாது, அப்படியானால் எங்கோ சாப்பிடுகிறார். எங்கே. புண்ணானதிலிருந்து வண்டி ஓட்டாத மனிதர், தினமும் மத்தியானம் தடியை ஊன்றிக்கொண்டு அக்காள் வீட்டுக்குப் போய்ச் சீட்டாடிவிட்டு வருகிறார். ஒரு நாள் மூன்று மணிக்குக் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன், உகோயே வீட்டுப் பக்கமிருந்து உரல் சத்தம் வந்தது. தொம் தொம் என்று ஈரமாக, கிழங்கு இடிக்கிற சத்தம். நம்மில் எந்தப் பெண்ணுக்கு அந்தச் சத்தம் தெரியாது. மறுநாளும் வந்தது. அவ்வளவுதான், என் மனம் தீர்ப்பு எழுதிவிட்டது. உன்னிடம் போனில் அழுதது அன்றைக்குத்தான். அது போதாதென்று வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் தாய்மார் சங்கம் முழுதும் பார்க்க அவளை நிறுத்தி, "உங்க தம்பி விரலை நீங்கதான் இடிச்சு இடிச்சுத் திங்கக் குடுக்கிறீங்க" என்று கேட்டேன். உன் அத்தை என்னைவிடப் பதினொரு வயது மூத்தவள், இந்த வீட்டுக்கு நான் வந்த நாளிலிருந்து நம் வழக்கப்படி என்னை "எங்க பொண்டாட்டி" என்று கூப்பிடுகிறவள். அன்றைக்குக் குடையை விரித்துக்கொண்டு வெயிலில் போய்விட்டாள். ஆள் இளைத்துப் போயிருந்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது, அதான் இளைப்பு என்று நான் நினைத்தேன், பாரேன் என் கொழுப்பை.

இரண்டே நாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கேட்டைப் பூட்டிச் சாவியை என் இடுப்பில் செருகிக்கொண்டேன். அவரை எங்கேயும் விடவில்லை. நாள் முழுதும் அவர் சாப்பிட்டது இரண்டு வேளைக் கசப்பிலைக் குழம்பும் மீனும்தான், என் கண்ணெதிரே. சாயங்காலம் விரலைக் குத்திப் பார்த்தால் முந்நூற்றுப் பத்து. மிஷினைத் தட்டினேன், பேட்டரியை மாற்றினேன், என் விரலையே குத்திப் பார்த்தேன், எனக்குச் சரியாகத்தான் காட்டியது. அடுப்படிக்குப் போனேன். சட்டியில் அகப்பை நட்டுவைத்த மாதிரி நின்றுகொண்டிருந்தது. விழவில்லை ஒபியாகேலி. குழம்பில் அகப்பை அப்படி நிற்குமா. என் கை அதை எடுத்தபோதுதான் புத்திக்கு எட்டியது. சேப்பங்கிழங்கு. கசப்பிலைக் குழம்பைக் கெட்டியாக்க என் அம்மா வேகவைத்து இடித்துப் போட்டாள், நானும் போடுகிறேன். முன்பெல்லாம் ஐந்து கிழங்கு. களியை நிறுத்திய பிறகு பத்து, பன்னிரண்டு. அதை நான் கிழங்கு என்று கணக்கில் வைத்ததே இல்லை. கிழங்கு என்றால் தட்டில் இருப்பது, கையால் பிட்டு உருட்டுவது, குழம்பில் கரைந்தது குழம்புதானே. கூடையில் இன்னும் இருபது கிழங்கு மண்ணோடு கிடந்தது, நான்தான் சந்தையில் பொறுக்கிப் பொறுக்கி வாங்கினேன். அடுப்படியிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, என் வீட்டில் இரண்டும் அப்படியே நடந்திருக்கிறது.

அதற்குள் உகோயே முறையிட்டிருந்தாள். அடுத்த சனிக்கிழமை உன் அப்பா வம்சத்தில் பிறந்த பெண்கள் ஏழு பேர் வெளியூரில் இருந்தெல்லாம் வந்து நம் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். கோலாக் கொட்டை வைத்தேன், தொடவில்லை. தண்ணீர் வைத்தேன், தொடவில்லை. பிறந்த வீட்டுப் பெண்கள் அப்படி உட்கார்ந்தால் வாழ வந்தவளுக்கு என்ன கதி என்று உனக்குத் தெரியும். சொல்லிவிடலாம் என்று நான் எழுந்தேன், என்னை முந்திக்கொண்டு உன் அப்பா தடியை ஊன்றி எழுந்தார். "அவளையும் திட்டாதீங்க, அக்காளையும் கேக்காதீங்க, நான்தான் ரோட்டோரத்துல சுட்ட கிழங்கு வாங்கித் தின்னேன்" என்றார். ஏழு பேரும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி "அறுபத்தஞ்சு வயசுல திருட்டுத் தீனியா, வெக்கமா இல்லை" என்கிறாள், இன்னொருத்தி "சுட்ட கிழங்குக்கு எண்ணெய் தொட்டியா தொடலையா" என்கிறாள். எல்லாரும் சிரிக்கிறார்கள், நான் சும்மா இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். ஆனால் அந்த மனிதர் கட்டுப்போட்ட காலோடு நின்று எனக்காகத் திட்டு வாங்குவதைப் பார்க்க முடியவில்லை. "உக்காருங்க நீங்க, பொய் சொல்லாதீங்க" என்று சொல்லி அகப்பை நின்ற கதை வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அப்போது உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு ரெண்டாவது வாரமே தெரியும், அதுல சேப்பங்கிழங்கு இருக்குன்னு நாக்கு சொல்லாதா. அதையும் நிறுத்திட்டா எனக்குச் சாப்பாடுன்னு என்ன இருக்குன்னு பேசாம இருந்தேன்" என்றார். அவரை அடிக்கவா அணைக்கவா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த உரல் சத்தம் உகோயேயுடையதே இல்லை. அவள் பின்கட்டில் குடியிருக்கும் கேமரூன்காரப் பெண்ணுடையது. உகோயே வீட்டில் இந்தத் தவணை தொடங்கிய நாளிலிருந்து கிழங்கே இடிக்கவில்லை. தம்பி தினமும் வருகிறான், வாசனை பிடித்தால் தவிப்பான் என்று இவளும் கத்தரிக்காயும் வெண்டைக்காயுமாக உயிரைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். எழுபத்து மூன்று வயதில், சர்க்கரை ஒன்றும் இல்லாதவள். அதுதான் அந்த இளைப்பு. எவரிடமும் சொன்னதில்லை, அன்றைக்கும் அவளாகச் சொல்லவில்லை, அந்தக் கேமரூன்காரிதான் வந்து சொன்னாள். பெண்கள் கூடிப் பேசித் தீர்ப்புச் சொன்னார்கள். நான் என் கையாலேயே கிழங்கு இடித்து நாத்தனாருக்குப் பரிமாற வேண்டும், அவள் சாப்பிட்டால் சண்டை தீர்ந்தது. உகோயே ஒப்புக்கொண்டாள், ஆனால் "இப்ப இல்லை. தம்பி விரல் நிக்கட்டும், அப்புறம் சாப்பிடுறேன். நிக்கலைன்னா எனக்கு அந்தக் கிழங்கு வேண்டாம், எங்க பொண்டாட்டி" என்றாள். அகப்பை நின்ற அன்றிலிருந்து என் குழம்பு தண்ணீர். கசப்பிலை தனியாகவும் தண்ணீர் தனியாகவும் நிற்கிறது, உன் அப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிக்கிறார். நேற்று நூற்று நாற்பத்தெட்டு. ஆனாலும் எனக்கு நிலைகொள்ளவில்லை, ஐந்து வாரத்தை நான் குழம்பில் கரைத்துவிட்டேனே, அதை யார் திருப்பித் தருவார். இதோ இருமுகிறார், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

புதன்கிழமை. இப்போதுதான் வந்து உட்காருகிறேன், பங்குச் சாமியாரின் தங்கை வண்டி ஐந்து மணிக்கு. காலையில் டாக்டர் விரலை அமுக்கினார், திருப்பினார், விளக்கு வைத்துப் பார்த்தார். உன் அப்பா "ஐயோ" என்றார், வலிக்கிறதா என்று டாக்டர் கேட்டார், வலிக்கிறது என்றதும் நல்லது, உணர்ச்சி இருக்கிறது என்றார். புண் வாய் மூடிக்கொண்டு வருகிறது. விரல் இருக்கட்டும், மறுபடி ஒரு மாதத்தில் வாருங்கள், சாப்பாட்டை மட்டும் மாற்றிவிடாதீர்கள் என்றார். நிற்கிறது ஒபியாகேலி, நிற்கிறது. நகம் போய்விட்டது, போகட்டும். வழியிலேயே ஒரு வள்ளிக்கிழங்கு வாங்கினேன். நம் வீட்டில் இடித்தால் உன் அப்பாவுக்குப் பொறுக்காது என்று கேமரூன்காரி கொல்லைக்கு எடுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவள் உரலில் இடித்தேன். உகோயே பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு "அங்க கட்டி இருக்கு, இங்க கட்டி இருக்கு" என்று அதிகாரம் பண்ணினாள். பரிமாறினேன். நாலு வாய் உருட்டிச் சாப்பிட்டாள், ஐந்தாவதைக் கையில் வைத்துக்கொண்டு "அவன் இல்லாம இறங்க மாட்டேங்குது" என்று அழுதாள், நானும் அழுதேன், அழுதுகொண்டே மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்தாள்.

வீட்டுக்கு வந்தால் உன் அப்பா ரேடியோவைத் தெரு கேட்கிற அளவுக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு உள்ளே போகப் பார்த்தேன். "முதல்ல வேகமா இடிச்சே, நடுவுல நிறுத்தினே, அப்புறம் கை தளர்ந்து போச்சு, அழுதியா" என்று கேட்டார். எப்படித் தெரியும் என்றேன். "முப்பத்தெட்டு வருஷமா கேக்குறேன், உன் கை எனக்குத் தெரியாதா. அக்காள் கையும் தெரியும். அன்னைக்குச் சத்தம் கேட்டப்போ என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அது அவ கை இல்லைன்னு சொல்லியிருப்பேனே" என்றார். ரேடியோவைச் சின்னதாக்கிவிட்டுத் தண்ணீர்க் குழம்பைச் சூடு பண்ணப் போனேன்.

கடவுள் உன் வீட்டையும் உன் அடுப்பையும் காக்கட்டும், பிள்ளையின் தலை ஓங்கி வளரட்டும், உன் வயிறு என்றும் நிறைந்திருக்கட்டும். இந்தக் கடிதம் கிடைத்த அன்று எனக்குப் போன் பண்ணாதே. முதலில் அத்தைக்குப் பண்ணு. அவள் ஒன்றும் நடக்காத மாதிரி பேசுவாள், நீ விடாமல் மன்னிப்புக் கேள். அப்புறம் சாப்பிட்டீர்களா அத்தை என்று கேள், என்ன சாப்பிட்டாள் என்பதையும் கேட்டு எனக்குச் சொல்.

உன் அம்மா
நுவகேகோ