தேய்க்காத கால்

சாமி,

இன்று பெரிய வியாழன். இயேசு தம் சீடர்களுக்குச் செய்தது போல, மாலைப் பூசையில் சாமியால் பாதம் கழுவப்படும் பன்னிருவரில் ஒருவனாக உட்காரும்படி புதுப் பங்குச்சாமி கேட்டார். மறுக்கத் தெரியாமல் தலையாட்டிவிட்டேன். சற்று முன் குதிகாலைத் தேய்க்கச் சொரசொரப்பான கல்லைக் கையில் எடுத்தபோது, உங்கள் சிரிப்பு கேட்டது போல இருந்தது.

எழுபதுகளில் நீங்கள் எங்கள் உடும்பஞ்சோலைக்குப் பங்குச்சாமியாக வந்த முதல் வருடம். ஏலக்காய்த் தோட்டத்து ஆட்கள் பன்னிரண்டு பேரும் மதியமே வேலையை விட்டு, ஓடையில் உட்கார்ந்து, தோல் சிவக்கும்வரை காலைத் தேய்த்து, தேங்காய் எண்ணெயும் தடவி வந்திருந்தார்கள். சாமி தொடும் காலில் அழுக்கு இருக்கலாமா என்ற மரியாதை. பூசை முடிந்ததும் என்னிடம் குறைப்பட்டீர்கள்: "கழுவுன காலக் கழுவ நான் எதுக்குவே?"

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்பது எனக்குத் தெரியும். குருப் பட்டத்துக்காக நாம் இருவரும் படித்த குருமடத்தில் சாப்பாட்டு நேரத்தில் பேச்சு கிடையாது. ஒருவர் புனிதர் வரலாறு வாசிப்பார். ஒரு முறை வாசித்தவன் நான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் இருந்த யார்க் பேராயரின் வரலாறு. பிரான்சு நாட்டு மடத்தில் படித்துத் திரும்பி, தன் நாட்டில் மடங்களையும் கல்வியையும் வளர்த்த பெரிய படிப்பாளி. தவக்காலத்தில் தினமும் பன்னிரண்டு ஏழைகளின் கால்களைக் கழுவுவார். ஒரு நாள் கழுவி முடித்து, முழந்தாளில் நின்று துதி சொல்லும்போதே உயிர் பிரிந்தது. உங்களுக்கும் அப்படி ஒரு சாவு வேண்டும் என்பது போல, நீங்கள் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனீர்கள்.

எனக்குத் தகுதி உண்டா என்று யோசித்து யோசித்தே நான் குருமடத்தை விட்டு வந்தேன்; தோட்டத்துப் பள்ளியில் வாத்தியார் ஆனேன். நீங்கள் குருவாகி எங்கள் பங்குக்கே வந்து சேர்ந்தீர்கள்.

உங்கள் கடைசி வருடம், இதயம் தாங்காது, முழந்தாளிடவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நீங்கள் நின்றபடியே கழுவலாம் என்று பள்ளி பெஞ்சுகளை அடுக்கி, மேலே நாற்காலிகளைப் போட்டேன். ஆட்டிப் பார்த்துக் கயிறும் கட்டினேன்.

"என்னவே, பன்னெண்டு பேரையும் பரணுல ஏத்திட்டீரு?"

"டாக்டர் சொன்னாரே, சாமி."

"டாக்டரு காலையும் கழுவிருவோம். எல்லாத்தையும் எறங்கச் சொல்லும்."

எல்லோரும் இறங்க, நீங்கள் முழந்தாளிட்டுக் கழுவத் தொடங்கினீர்கள். பாதி வரிசையில் தோட்டத்து அந்தோணி இருந்தார். நாற்றுப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு நேராக ஓடி வந்தவர். கணுக்கால் வரை சேறு. கூச்சத்தில் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். நீங்கள் விடவில்லை. முகமெல்லாம் மலர, அந்தக் காலை இரண்டு கைகளாலும் பிடித்தீர்கள். அப்படியே உங்கள் தலை அவர் முழங்காலில் சாய்ந்தது. பேராயருக்கு வந்த நாள் உங்களுக்கும் வந்துவிட்டது என்று ஓடி வந்தேன்.

"சாமி, எந்திரிங்க. எங் காலு எங்க ஓடிரப் போவுது?" என்று அந்தோணி அழுதார்.

நீங்கள் மூச்சு வாங்கியபடி தண்ணீர்ப் பாத்திரத்தை என் பக்கம் தள்ளினீர்கள். "மிச்சத்த நீரு கழுவும்."

"நான் பட்டம் வாங்காதவன், சாமி."

"அழுக்குக்கு அது தெரியுமாவே?"

கோயில் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் யோசிக்காமல் நான் செய்தது அது ஒன்றுதான். மண்டியிட்டேன்.

ஈஸ்டருக்குப் பிறகு உங்களை மலைக்குக் கீழே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். "அந்தப் பேராயருக்குக் குடுத்து வச்சிருந்துச்சுவே. எனக்குக் கட்டில்தான் போல" என்றீர்கள். வீங்கிய உங்கள் கால்கள் வெளியே தெரிந்தன. போர்வையை இழுத்து மூடினேன். அந்த வருடத்து மழையைப் பார்க்க நீங்கள் இல்லை.

கல்லை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். காலையில் செடிகளுக்குத் தண்ணீர் விட்ட சேறு குதிகால் வெடிப்பில் காய்ந்திருக்கிறது. வாத்தியாருக்கு வயதாகிவிட்டது என்று ஊர் சொல்லும். அந்த இளம் சாமி முகம் சுளிப்பாரோ என்று பயமாகவும் இருக்கிறது.

மணி அடித்துவிட்டது, சாமி. இந்தக் காலோடுதான் போகிறேன்.