செம்பு அல்ல, செம்புட்

என் அன்பு மச்சான் கோபாலுக்கு,

நீ பார்க்காமல் போன சுதந்திரக் கொடி இப்போது நம் காஜா பேராங் வட்டாரம் முழுக்கப் பறக்கிறது. உன் பட்டறை வாசலிலும் உன் தம்பி ராஜா ஒன்றைக் கட்டியிருக்கிறான். என் கார் மறுபடி ஓடுகிறது. நீ இறக்கிக் கட்டிக்கொடுத்த இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. குறை உண்டு என்று ஊரில் முதலில் சொன்னவன் நான். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்த அன்று, நான் உன் உடம்பைப் பற்றிக் கேட்டேன், நீ என் காரைப் பற்றிக் கேட்டாய். சமதரையில் ஓடுகிறது, மேட்டில் இழுக்க மாட்டேன் என்கிறது என்றேன். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் யோசித்தாய். பிறகு மெல்லிய குரலில் ஒரே ஒரு சொல் சொன்னாய். எனக்கு அது 'செம்பு' என்று கேட்டது.

தமிழ் வம்சமாக இருந்தும் உங்கள் மலாக்கா செட்டி வீடுகளில் பேச்சு மலாய்தான். ஆனாலும் என்னிடம் பேசும்போது உனக்குத் தெரிந்த தமிழ்ச் சொல்லை எங்காவது தேடிப் பிடித்துச் செருகுவாய். அன்றும் எனக்காகத்தான் தமிழில் சொன்னாய் என்று எடுத்துக்கொண்டேன். காரில் செம்பு என்றால் பெட்ரோல் வருகிற செம்புக் குழாய். வேறு என்ன?

இரண்டு நாளில் நீ போய்விட்டாய். கருமாதி வரை உன் பட்டறை மூடியிருந்தது. ஜாலான் பெண்டஹாரா பக்கம் வேறொரு பட்டறையில் காரை விட்டு, செம்புக் குழாயை மாற்றச் சொன்னேன். மாற்றினார்கள். கார் முன்பு போலவே மேட்டில் திணறியது.

"குழாயில ஒன்னும் இல்லண்ணே. இன்ஜின் கட்டுன ஆளு பிஸ்டன் ரிங்க சரியா போடல. திரும்ப இறக்கணும்" என்றார் அந்த மெக்கானிக்.

"கட்டினது கோபால். அவர் இப்ப இல்லீங்க."

"செத்தவர குறை சொல்லக்கூடாதுதான். இன்ஜினுக்கு அது தெரியாதே."

அன்று மாலை காப்பிக்கடையில் இதை அப்படியே ஒப்பித்தேன். மேசையில் இருந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் லாரிக்காரர். அவருடைய லாரி இன்ஜின் ராஜாவிடம் போகவேண்டிய வேலை. அதை நிறுத்திவிட்டார். அவர் வழியாகக் கேள்விப்பட்டு இன்னும் இருவர் நிறுத்தினார்கள். பத்திரிகை நிருபனான நான் எத்தனை கோர்ட்டுச் செய்திகளை இரண்டு தரப்பையும் கேட்காமல் எழுத மாட்டேன் என்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். உன் விஷயத்தில் ஏன் கேட்காமல் போனேன்?

ராஜா பட்டறையை மூடிவிட்டுச் சிங்கப்பூருக்குச் சம்பள வேலைக்குப் போகப்போவதாகச் செய்தி வந்தது. அதோடு உன் மனைவி மீனாச்சியிடமிருந்து ஆளும் வந்தது. காரோடு வரச் சொல்லியிருந்தாள்.

திட்டுவாள் என்றுதான் போனேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: கடைசியாக நீ என்னிடம் காரைப் பற்றி என்ன சொன்னாய்?

"செம்பு" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "செம்பு புக்கான், அபாங்" (செம்பு இல்லை, அண்ணே) என்றாள். "செம்புட், செம்புட்" என்று நெஞ்சில் கை வைத்து, படியேறிய ஈளைக்காரியைப் போல மூச்சு வாங்கிக் காட்டினாள்.

மூச்சுத் திணறல். மலாயில் எனக்கும் தெரிந்த சொல்தான். அதன் கடைசி எழுத்து உங்கள் வாயில் பாதி தொண்டையிலேயே நின்றுவிடும். மீதியை என் காது தமிழாக்கிவிட்டது.

ராஜா சிரிக்கவில்லை. நேரே காருக்குப் பின்னால் போய்க் குந்தி, புகைக்குழாய் வாயில் உள்ளங்கையை வைத்தான்.

"அபாங், மிதிங்க. இன்னும் மிதிங்க." மிதித்தேன். "கைய தள்ளணும். இது சும்மா ஊதுது லா. புகை வெளிய போக வழி இல்ல, அப்புறம் எப்படி இழுக்கும்?"

அதோடு அவன் நம்பிவிடவில்லை. சைலன்சருக்கு முன்னால் இருக்கிற இணைப்பைத் தளர்த்தி, புகை அங்கேயே வெளியேறும்படி விட்டு, புக்கிட் சீனா மேட்டுக்கு ஓட்டச் சொன்னான். தெரு நாயெல்லாம் குரைக்கிற சத்தம். ஆனால் கார் மேட்டில் இளங்காளை மாதிரி ஏறியது. உன் ரிங் சரியாகத்தான் இருந்தது, மச்சான்.

சைலன்சரைக் கழற்றி அறுத்துப் பார்த்தோம். உள்ளே துளைத் தகடு துருப்பிடித்துக் கழன்று, வழியை மறித்துக் குறுக்கே நின்றது. மிச்ச இடத்தில் கரி அடைத்திருந்தது. ராஜா கரியைச் சுரண்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து மூடினான்.

"எப்படி இவ்வளவு துரு?" என்றேன்.

"வீட்டிலிருந்து கோர்ட்டு, கோர்ட்டிலிருந்து வீடு. குழாய் சூடாகி உள்ள இருக்கிற தண்ணி காயறதுக்குள்ள நிறுத்திடுறீங்க. கார் மேல குத்தம் இல்ல அபாங், உங்க மேலதான்."

பத்திரிகையில் தவறு எந்தப் பக்கத்தில் வந்ததோ அதே பக்கத்தில் திருத்தம் வரவேண்டும். அதனால் அதே காப்பிக்கடைக்கு, அதே மாலை நேரத்தில் போனேன். அறுத்த பழைய தகட்டை மேசையில் வைத்து, நான் சொன்னது பொய் என்று சத்தமாகவே சொன்னேன். அன்று கேட்ட மூவரில் இருவர் அங்கே இருந்தார்கள். லாரிக்காரர் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப லாரிய எப்ப கொண்டாறது?"

"இன்னிக்கே."

ஜாலான் பெண்டஹாரா மெக்கானிக்கும் பட்டறைக்கு வந்து பார்த்தார். "நானும் கைய வச்சுப் பாத்திருக்கணும்" என்று ராஜாவிடம் சொல்லிவிட்டுப் போனார். ராஜா சிங்கப்பூருக்குப் போகவில்லை.

மேசையில் இருந்த மூன்றாமவர் ஒரு தையல்காரர். இதற்குள் ஊர் மாறிப் போய்விட்டார். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கிருந்தாலும் இந்தப் பத்திரிகையை வாங்குகிறவர். அவர் கண்ணில் படவேண்டும் என்றுதான் உனக்கு எழுதுவதை இங்கே அச்சில் எழுதுகிறேன். நீ கோபித்துக்கொள்ள மாட்டாய்தானே?

குழாய் காய வாரம் ஒரு முறையாவது நீண்ட தூரம் ஓட்டவேண்டும் என்பது ராஜாவின் உத்தரவு. போன ஞாயிறு தம்பின் ஊர் வரை போனோம். பின்சீட்டில் மீனாச்சியும் உன் பிள்ளைகளும். மேட்டில் ஒரு இடத்திலும் கியர் குறைக்கவில்லை. மழையோ வெயிலோ, ஒரு ஞாயிறும் தவறாமல் அவர்களை ஏற்றிக்கொண்டு போவேன். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

உன் மீனாச்சிக்கு அபாங், அதனால் உனக்கு என்றும் மச்சான்,
முத்துசாமி