முனைக்குச் சான்றிதழ் இல்லை

ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சோல்டரிங் அயன்களைப் பற்றி அன்றைக்கே நான் எழுத்தில் கொடுத்திருந்தால் நீங்கள் சந்தோஷப்பட்டிருப்பீர்களா, என்னை வைதிருப்பீர்களா? எனக்குத் தெரியவில்லை, அக்கா. இன்று நம் பதுளைத் தொழிற்சாலையில் உங்கள் மேசையைக் கடந்தபோது கம்பி உருகும் பிசின் புகை எழுந்தது. உங்கள் சேலையிலிருந்து எப்போதும் வரும் வாசம்.

ஈயமே கூடாது என்ற வெளிநாட்டு ஓடர் கிடைத்ததும் ஈயம் கலக்காத புதிய கம்பி வந்தது. "ஈயம் இல்லாத ஈயக்கம்பியா மிஸ்? சீனி போடாத பிளேன்டீ மாதிரி" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம்.

கம்பி மாறியது, அயன்கள் மாறவில்லை. காலையில் ஏற்றுமதிக்கான சர்க்கிட் பலகைகள். மாலையில் ஊர் ரேடியோக்களைத் திருத்தும் வேலை, அதற்குப் பழைய கம்பி. இரண்டுக்கும் ஒரே அயன். முனையில் ஒட்டிய ஈயம் மறுநாள் புதிய பலகையில் இறங்கும். தரம் பார்க்கவென்றே படித்த எனக்கு இது தோன்றவில்லை. கம்பியில் ஈயமில்லை என்ற சான்றிதழைக் கோப்பில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன். மடுல்சீமைத் தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து பஸ் ஏறி வந்த நீங்கள்தான் கதவோரம் நின்று கேட்டீர்கள்: "கம்பிக்குப் பேப்பர் இருக்கு மிஸ். முனைக்கு இருக்கா?"

தனி அயன் கேட்டு மேலாளரிடம் போனேன். அடுத்த ஓடருக்குப் பார்க்கலாம் என்றார். இரண்டுக்கும் ஒரே அயன் என்பதை எழுதிக் கொடுக்கவா என்று உங்களிடம் கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள்:

"எழுதுனா ஓடர் போயிரும். நாங்க பன்னண்டு பேரும் மறுபடி கொழுந்துக்குத்தான் போகணும். எழுதாட்டியும் சரியில்ல. நீங்களே பாத்துக்குங்க மிஸ்."

நான் எழுதவில்லை. உங்களைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டேன். என்னையும்தான்.

நீங்கள் போய் ஏழு வாரம். இதயம் என்றார் டாக்டர். ஈயத்தின்மேல் பழிபோட என்னிடம் ஆதாரமில்லை. அப்படி எழுதவும் மாட்டேன். ஆனால் ஈயம் பட்டால் நிறம் மாறும் சோதனைக் குச்சி, இன்று பலகைகளில் தேய்த்தபோது சிவந்தது. ஈயம் இல்லை என்ற உறுதிமொழியில் நாளை நான் கையெழுத்திட வேண்டும். உங்களிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்தக் கேள்வி ஒன்றுதான். கேட்டவர் இல்லாதபோதும் அது கதவோரமே நிற்கிறது.

மறுநாள்.

கையெழுத்திடவில்லை. முனைகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதி மேலாளரிடம் கொடுத்தேன். படித்தார், மடித்து மேசை லாச்சியில் வைத்தார். பத்து மணிக்கு எனக்குப் பதிலாகக் களஞ்சியப் பொறுப்பாளர் உறுதிமொழியில் கையெழுத்திட்டார். மதியத்துக்கு முன் லொறி கொழும்புக்குப் புறப்பட்டது. நான் எழுதிக் கொடுத்த செய்தி எப்படியோ உங்கள் மேசைப் பெண்களுக்குப் போய்விட்டது. மாலையில் மிச்சப் பதினொரு பேரும் வழக்கம்போல அயன்களைச் சூடாக்கினார்கள். ஒருத்தியும் என் முகத்தைப் பார்க்கவில்லை.