என் இழுப்புக்கு நீ நின்ற வரிசை

இன்று காலை ராணுவக் கல்லூரி மருத்துவ அறையைத் தாண்டி நடந்தபோது அயோடின் வாசனை வந்தது. நின்றுவிட்டேன். வராந்தாவில் பதினைந்து கேடட்கள் வரிசையில் நின்றார்கள். காய்ச்சல்காரன், கணுக்கால் சுளுக்கியவன், பரேடுக்குப் பயந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டவன். நாலாவது ஆளுக்கு மட்டும் ஒன்றுமே இல்லை. சொல்ல வேண்டிய வலியை உதட்டுக்குள் ஒப்பித்துக்கொண்டிருந்தான். வேறு எவனுக்கோ மாத்திரை வாங்க வந்தவன். பயிற்சியாளனாக நான் இங்கே வந்து ஒரு வருடம் ஆகிறது. டாக்டருக்குத் தெரியாத இந்த ஆட்களை நான் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுகிறேன். உன்னோடு ஓர் அறையில் இருந்தவனுக்கு அது பெரிய வித்தையா என்ன?

நம் காலத்திலும் இதே கணக்குதான். உடம்பு சரியில்லை என்று பதிவேட்டில் பெயர் எழுதினால் ஒரு நாள் பயிற்சி போகும். அப்படிப் போன நாட்கள் எல்லை தாண்டினால் அடுத்த பேட்ச்சோடு மறுபடியும் ஆறு மாதம். அதனால் உண்மையாகவே நோய் வந்தவன் மருத்துவ அறைப் பக்கமே போகமாட்டான். நாட்களை மிச்சம் வைத்திருப்பவன் அவனுக்காகப் போய் நோயைச் சொல்லி, மருந்து வாங்கி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவான். நம் பேட்ச்சில் அந்த வேலையை நீதான் பார்த்தாய். உனக்குத்தான் ஒரு நோயும் வராதே! காய்ச்சலுக்குப் போகமாட்டாய், தெர்மாமீட்டர் காட்டிக்கொடுத்துவிடும். தலைவலி, வயிற்றுவலி, முட்டிவலி எல்லாம் உன் பொறுப்பு. பதிவேட்டைப் பார்த்தால் உன்னைப் போல நோஞ்சான் அந்தக் கல்லூரியில் யாரும் இல்லை. மைதானத்திலோ உன்னைப் பிடிக்க ஆள் இல்லை.

எனக்கு உன்மேல் பொறாமை. இதை நீ இருக்கும்போது ஒரு தடவைகூடச் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். சேலத்திலிருந்து அப்போதுதான் பிரிந்திருந்த நம் தருமபுரி மாவட்டத்திலிருந்து அந்த வடக்கத்திக் குளிருக்குப் போனவர்கள் நாம் இரண்டே பேர். நான் தருமபுரிக்குப் பக்கத்தில் மானாவாரிக் காட்டில் பயிர் வைக்கிறவன் மகன். நீ அரூருக்குக் கிழக்கே, கோயில் மணி அடித்தால் ஏர் நிறுத்தி ஜெபிக்கிற குடும்பம். இரண்டு வீட்டிலும் அதே கேழ்வரகுக் களிதான். ஆனால் உன் நெஞ்சு வேறு, என் நெஞ்சு வேறு. ஐந்து மைல் ஓடி வந்து, நின்ற இடத்திலேயே நீ பாட்டுப் பாடுவாய். நான் மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். சமையற்கூடத்துக்காரன் உன் தட்டில் மட்டும் ஒரு ரொட்டி கூடப் போடுவான். மருத்துவ அறைச் சிப்பந்திகூட, நீ பொய் சொல்கிறாய் என்று தெரிந்தும் சிரித்துக்கொண்டே மாத்திரை எண்ணுவான். எனக்கு யாரும் எதையும் சிரித்துக்கொண்டு கொடுத்ததில்லை. வயிறு எரிந்தது, வேறென்ன.

முதல் பனிக்காலத்தில் எனக்கு இழுப்பு வந்தது. ஊரில் சின்ன வயதில் வந்து போன நோய். போயே போய்விட்டது என்று நினைத்திருந்தேன். விடிகாலையில் கட்டிலில் உட்கார்ந்து மூச்சுக்குத் திண்டாடினேன். நீ எழுந்து என் முதுகைத் தேய்த்துக்கொண்டே கேட்டாய்.

"டேய், இது எத்தன நாளா?"

"யாருகிட்டயும் சொல்லிராதடா. தெரிஞ்சா வூட்டுக்கு அனுப்பிருவாங்க."

"நீ படு. நான் போயி எனக்குன்னு வாங்கியாறேன். எனக்குத்தான் நாளு கெடக்குதே."

மற்றவர்களின் தலைவலிக்குப் போனதுபோல்தான் இதற்கும் போனாய். விடியற்காலையில் மட்டும் வருகிறது என்று சொன்னாய். டாக்டர் பகலில் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டால் எப்படி இருக்கும்? சுத்தமாக இருந்தது. நீ சொன்னதை நம்பி மாத்திரை எழுதினார். அந்தக் குளிர்காலத்தில் மூன்று முறை போனாய். மூன்று முறையும் உன் பெயருக்கு நேரே இழுப்பு என்று ஏறியது. அதை நாம் இருவருமே யோசிக்கவில்லை. தலைவலி பதிவேட்டோடு போய்விடும், இழுப்பு அப்படி இல்லை என்று நமக்கு யார் சொன்னார்கள்?

மாசி மாதத்தில் புது டாக்டர் வந்தார். பழைய பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து படிக்கிற மனிதர். உன்னைக் கூப்பிட்டு அனுப்பினார். எனக்கு ஒன்றும் இல்லை என்று நீ சொன்னாய். அவர் சிரித்தாராம். இங்கே வருகிற எவனும், கை முறிந்தவன்கூட, எனக்கு ஒன்றும் இல்லை என்றுதான் சொல்கிறான் என்றாராம். ஓடிக் காட்டுகிறேன் என்றாய். அதையும் எல்லாரும் சொல்கிறார்கள் என்றார். நீ மறுக்க மறுக்க அவருக்கு உறுதியானது. உள்ளதை மறைத்துப் பழகிய ஒரு கல்லூரியே உனக்கு முன்னால் அவரிடம் அதே வார்த்தையைச் சொல்லியிருந்தது.

கடைசியில் அறைத்தோழன் என்று என்னைக் கூப்பிட்டார். நீ வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். கதவு பாதி திறந்திருந்தது.

"இவனுக்கு விடிகாலையில் இழுப்பு வருகிறதா? நீ பார்த்திருக்கிறாயா?"

வருவதில்லை என்றால், அந்த மாத்திரைகளை யார் சாப்பிட்டது என்பது அடுத்த கேள்வி. எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். நான் ஆமாம் சார் என்றேன்.

பயத்தில் சொன்னேன் என்று இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் பாதிதான். அந்த வாரம்தான் நெடுந்தூர ஓட்டத்துக்கு உன்னைத் தலைவனாகப் போட்டிருந்தார்கள். பெயர்ப்பட்டியலில் உன் பெயர் மேலே, என் பெயர் அதில் இல்லவே இல்லை. அந்த 'ஆமாம்' வாயிலிருந்து வந்தபோது எனக்குள் ஒரு மூலை குளிர்ந்தது. அதை மறைத்து எழுதினால் இந்த மடலுக்கே அர்த்தம் இல்லை.

மாத்திரை யாருக்கு என்று நீ காட்டிக்கொடுக்கவில்லை. ராணுவ மருத்துவமனையில் மூன்று டாக்டர்கள் பார்த்தார்கள், முடிவு எழுதினார்கள், அவ்வளவுதான். நீ கிளம்பிய அன்று பேட்ச்சே வாசலில் நின்றது. சமையற்கூடத்துக்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதையும் நான் பொறாமையோடுதான் பார்த்துக்கொண்டு நின்றேன். வண்டியில் ஏறும் முன் என் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தாய்.

"ஒம்பது மாத்திர இருக்குது. பனி முடியற வரைக்கும் பாத்து வெச்சுக்கோ."

கேட்டிருந்தாயா, இல்லையா? கதவு பாதி திறந்திருந்ததே! கேட்டிருந்தும் கொடுத்தாயா, கேட்காததால் கொடுத்தாயா என்று இந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது.

நான் அதிகாரியானேன். எழுபதாம் வருடம் விடுமுறைக்கு வந்தபோது அரூர் பஸ் ஸ்டாண்டில் உன்னைப் பார்த்தேன். ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராகிவிட்டிருந்தாய். நூறு அடி நடப்பதற்குள் பத்துப் பேர் உனக்கு வணக்கம் வைத்தார்கள். நெல் வியாபாரி ஒருவர், "சாரு ஏன் மிலிட்டரியை வுட்டுட்டு வந்துட்டாரு தெரியுங்களா? அங்க களி போடலியாமா!" என்று என்னிடமே சொல்லிச் சிரித்தார். ஊருக்கு நீ சொன்ன காரணம் அது. உன் வீட்டில் சாப்பிட்டேன். உன் மனைவி பரிமாறினாள், நீ அவளைக் கேலி செய்தாய், அவள் உன் தலையில் குட்டினாள். நட்சத்திரம் வைத்த சட்டையோடு உட்கார்ந்திருந்த எனக்கு, வேட்டி கட்டிய உன்மேல் மறுபடியும் வயிறு எரிந்தது. உன்னை அங்கிருந்து அனுப்பியது நான். அப்படியும் எனக்கு முன்னால் போய் நிற்கிறாயே என்று இருந்தது.

போன வருடம் உனக்கு மஞ்சள் காமாலை. ஊரெல்லாம் மருத்துவமனை வரிசையில் உனக்குத் தெரிந்தவர்கள் இருந்திருப்பார்கள். யார் யாரையோ சைக்கிளில் உட்காரவைத்துக் கூட்டிப் போயிருப்பாய். உனக்கென்று நிற்க வேண்டிய ஒரே ஒரு தடவை, பரீட்சை முடியட்டும், விளையாட்டு விழா முடியட்டும் என்று தள்ளிப்போட்டாயாம். செய்தி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. நான் வந்து சேர்ந்தபோது உன்னைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

உன் வீட்டுக்கு எதிர்க் களத்தில் சாமை தூற்றிக்கொண்டிருந்தார்கள். தூசி உள்ளே வந்தது. உன் மனைவியிடம் ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தேன், இழுப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. நெஞ்சு விசிலடித்தது. அவள் கதவைச் சாத்தினாள், வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள். எதிரில் உட்கார்ந்து என் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்கண்ணா, அவருக்கு இழுப்புன்னுதான மிலிட்டரில எழுதிக் குடுத்தாங்க?"

நான் தலையை ஆட்டினேன்.

"ஒம்பது வருசம் பக்கத்துல படுத்திருந்தேனுங்க. ஒரு நாளும் இந்தச் சத்தத்த நான் கேட்டதில்ல. என்னன்னு விசாரிச்சா, அது வேற ஒருத்தருது, நான் வாங்கி வெச்சிருக்கேன்னு சிரிப்பாரு. வெளையாட்டுக்குச் சொல்றாருன்னு இருந்தேன்."

எழுந்து உள்ளே போனாள். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. நாலாக மடித்த ஒரு காகிதத்தை என் மடியில் வைத்தாள். உன் பெயர், உன் எண், அதற்குக் கீழே என் நோய்.

"உங்களுதுதானுங்களே இது? எடுத்துட்டுப் போங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது. இரவல் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிறவளைப் போலச் சொன்னாள்.

அந்தக் காகிதம் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. இதில் எழுதியிருக்கும் இழுப்பு வருகிறதா என்று ஒன்பது வருடம் உன் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்த ஒருத்தி உனக்கு இருந்தாள். எனக்குக் கல்யாணமாகி ஏழு வருடம். விடிகாலையில் இழுப்பு வந்தால் பக்கத்து அறைக்குப் போய்விடுவேன். தலையணையில் வாயை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் பதிவேட்டில் ஒரு கீறல் இல்லை, என் மனைவிக்கும் தெரியாது. அரூரிலிருந்து திரும்பியதிலிருந்து அப்படி எழுந்து போவதில்லை. அவள் பக்கத்திலேயே படுத்திருக்கிறேன். நேற்று விடிகாலையில்தான் முதல் தடவையாக என் நெஞ்சு விசிலடிப்பது கேட்டு அவள் விழித்துக்கொண்டு விளக்கைப் போட்டாள்.

"என்னங்க இது, யாருக்கு இழுக்குது?" என்றாள்.

"எனக்கு" என்றேன்.